கேட்டில் நீ மாட்டிய பெயர்

கண்ணு என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் எதுவும் போடாமலே எழுதுகிறேன். "எதுக்கும்மா கடுதாசி, போன்ல சொல்லு" என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு சமாதானம் சொல்லிவிடுவாய், நானும் பெற்ற மனசு, சரி விடு என்று வைத்துவிடுவேன். இந்தத் தடவை விடப்போவதில்லை. நீ கோயமுத்தூரில் கட்டிலும் மெத்தையும் வாங்கி முடிப்பதற்குள் இதை எழுதி, லைன் வீட்டுச் செல்வியிடம் கொடுத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்வேன். அவள் படிப்பாள். படிக்கட்டும். நீ போனில் நடத்துகிற பக்கத்தைப் பார்க்கிற ஊர் உலகமெல்லாம் படித்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

"தொரசாணி பங்களா." கேட்டில் நீ மாட்டிவிட்டுப் போன பலகையில் இருந்தது அதுதான். தேக்குப் பலகை, பித்தளை எழுத்து, மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். மாட்டிவிட்டு ரோட்டில் போய் நின்று பார்த்தாய், படம் எடுத்தாய், "எப்படிம்மா இருக்கு?" என்று அங்கிருந்தே கத்தினாய். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்றேன். நீ பஸ் ஏறிய பிறகுதான் போய்ப் படித்தேன். எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேனோ தெரியாது, திரும்பி வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியிருந்தது.

முதலில் பங்களாவை எடுத்துக்கொள்வோம். குன்னூருக்குக் கீழே, பஸ் நிற்கிற திருப்பத்தில் இருந்து சரிவில் இறங்கினால் தகரக் கூரை போட்ட மூன்று அறை. மழைக்காலத்தில் நடு அறையில் வாளி வைக்க வேண்டும், நீயே வைத்திருக்கிறாய். உன் அப்பிச்சி, என் அப்பா, ஃபேக்டரியில் காலமெல்லாம் வெடிமருந்து வாடையில் நின்று, ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய வீடு. அதைப் பங்களா என்கிறாய். ஹோம்ஸ்டே நடத்தப்போகிறவன், வியாபாரத்துக்கு ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது, போகட்டும். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து இதைச் செய்கிறேன் என்றபோதும் நான் ஒரு சொல் தடுக்கவில்லை. ஆனால் தொரசாணி என்று போட உனக்கு எப்படி மனசு வந்தது?

அந்த வார்த்தை என்னவென்று உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறேன். தெரிந்தே போட்டிருந்தால் உன்னோடு பேசவே மாட்டேன். உனக்கு அது தொப்பி, கவுன், ரோஜாச் செடி, மடியில் ஒரு பூனை. இந்த மலையில் அது எஸ்டேட் துரையின் பெண்டாட்டி. அவள் எதிரே வந்தால் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் பாதையை விட்டுச் செடிக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவள் பங்களாவுக்குள் போக வேண்டுமென்றால் கேட்டிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், ஆம்பிளைகள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் அம்மா, உன் அம்மிச்சி, இந்த நாட்டில் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அதில் முதல் பத்து வருஷம் அந்த ஒரு வார்த்தையைத் தன் மேலிருந்து சுரண்டி எடுக்கவே போனது. நீ அதைப் பித்தளையில் வார்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறாய்.

உன் பக்கத்தில் அவளைப் பற்றி நீ எழுதியிருப்பதைச் செல்வி எனக்குத் தமிழில் சொன்னாள். பிரான்சில் பெரிய குடும்பத்தில் பிறந்தவளாம். நீலகிரியின் அழகில் மயங்கி வந்தவளாம். இங்கே உள்ளவர்களுக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தவளாம், அதே கைப்பக்குவத்தில் தினமும் காலையில் ரொட்டி கிடைக்குமாம். அடப்பாவி! அவள் ரொட்டி சுட்டதை நீ எந்த ஜென்மத்தில் பார்த்தாய்? ரொட்டி ஆசை வந்தால் அவளும் எல்லாரையும் போல பேக்கரியில் வர்க்கி வாங்கி டீயில் நனைத்துத் தின்றாள். கடைசி மாசங்களில் பல் இல்லாமல் போனபோது நீதான் அதை நனைத்து அவள் வாயில் வைத்தாய். வாயோரம் வழிந்ததை உன் கையாலேயே துடைத்தும் விட்டாய். அந்தக் கைதானா இதை எழுதியது என்றுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

கேட்டுக்கொள். அவள் பிறந்தது ஒரு சின்ன ஊரில், தையற்கடையின் மாடியில். உன் அப்பிச்சியை ஃபேக்டரி ஏதோ ஒரு மெஷின் பழகிவர அங்கே அனுப்பியது. குளிருக்கு வாங்கிய கோட்டில் பொத்தான் போனது, அந்தக் கடைக்குக் கொண்டுபோனார். அடுத்த வாரம் இன்னொரு பொத்தான் போனது. அதற்கடுத்த வாரமும் போய் நின்றபோது, நீயேதான் பிய்த்துக்கொண்டு வருகிறாயா என்று அவள் கேட்டுவிட்டாளாம். அவர்கள் கல்யாணக் கதையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதற்கு மேல் கேட்டால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். அவளுக்கு நீலகிரி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. வந்து இறங்கியது ஆடி மழையில். துவைத்த துணி காயவே இல்லை என்று ஒரு மாசம் அழுதிருக்கிறாள். அழகில் மயங்கினாளாம்!

அவள் பெயர் ழான். தாராபுரம் பக்கம் அப்பாவின் ஊரில் அது யார் வாயிலும் நுழையவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சானு, சானா... ஏனுங்க, சானகின்னே இருக்கட்டுமுங்க" என்று முடித்துவிட்டாள். ரேஷன் கார்டில் ஜானகி, ஓட்டர் லிஸ்டில் ஜானகி, லைனில் எல்லாருக்கும் சானக்கா. அம்மாவுக்கு அந்தப் பெயர் நெம்பப் பிடித்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்கள் யாரும் இங்கே இல்லை, இதையாவது நாலு பேர் கூப்பிடுகிறார்களே என்பாள். தமிழ் முழுக்க அத்தையிடம் கற்றதால் வீட்டை ஊடு என்பாள், என்னை அம்மிணி என்பாள், அப்பாவை ஏனுங்க என்பாள். தோட்டத்துக்குள் காட்டெருமை வந்தால் அதையும் முதலில் ஏனுங்க என்றுதான் ஆரம்பிப்பாள், பிறகு சொல்வதை இங்கே எழுத முடியாது.

அவள் செய்த வேலை ஜாக்கெட் தைப்பது. பெரிய வீட்டம்மாக்களுக்கு இல்லை, கொழுந்து எடுக்கிற பொம்பளைகளுக்கு. "கூடை மாட்டறவங்களுக்குத் தோள்ல தாராளமா உடோணுமுங்க" என்று பேசிக்கொண்டே வெட்டுவாள். எந்தத் துரையின் பெண்டாட்டியாவது லைன் வீட்டுப் பொம்பளையின் முதுகை டேப் வைத்து அளந்திருக்கிறாளா, நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஆனாலும் அந்த வார்த்தை அவளை லேசில் விடவில்லை. அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்காத வருஷங்களில் எஸ்டேட்காரர்கள் வரிசையாய்க் கட்டிவிட்ட லைன் வீடுகளை ஒட்டி வாடகைக்கு இருந்தோம். அத்தனை வீட்டுக்கும் ஒரே குழாய், காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். அம்மா குடத்தோடு போனால் பேச்சு நின்றுபோகும். "தொரசாணி வர்றாங்க, வழி உடுங்க" என்று யாராவது சொல்வார்கள், எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். "இல்லீங்க, நான் பின்னால நிக்கறனுங்க" என்று அவள் கடைசிக்குப் போனால், கடைசியில் நிற்கிறவள் அவளுக்கும் பின்னால் போய் நிற்பாள். அப்படியே ஒவ்வொருத்தராய்ப் போக, வரிசையே திரும்பி, பின்னால் போனவள் முன்னால் நிற்பாள். வந்து பத்து வருஷம் ஆகியும் அப்படித்தான். மரியாதை என்று வெளியே இருந்து பார்க்கிறவனுக்குத் தோன்றும். அவளோடு யாரும் ஊர்க்கதை பேச மாட்டார்கள், அவளிடம் கொஞ்சம் உப்பு கடன் கேட்க மாட்டார்கள், அவள் பிள்ளையைத் தூக்க மாட்டார்கள். நான் அந்தப் பிள்ளை, எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ராசம்மா சின்னம்மா குடும்பம் சிலோனில் இருந்து திரும்பி அந்த லைனுக்கு வந்தது. நீ சின்ன வயசில் ராசம்மிச்சி, ராசம்மிச்சி என்று யார் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாயோ, அவளேதான். அங்கே தோட்டத்தில் அவள் நிஜத் தொரசாணிகளைப் பார்த்தவள். வந்த புதிது, இங்கத்து வழக்கம் அவளுக்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு நாள், அம்மா அவசரத்தில் யோசிக்காமல் குடத்தை முன்னால் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துவிட்டாள். எல்லாரும் வழக்கம்போல் விலகினார்கள். ராசம்மா சின்னம்மா மட்டும் விலகவில்லை. குடத்தைக் காலால் ஒரு எத்து எத்தினாள், அது உருண்டுபோய்க் கல்லில் மோதியது.

"இந்தா தொரசாணி! தண்ணி வேணும்னா பங்களாவுக்குப் போ, அங்க கொழா ஊட்டுக்குள்ளயே இருக்கும். இங்க வந்தா வரிசையில நில்லு."

"நான் தொரசாணி இல்லீங்க!" என்று அம்மா கத்தியிருக்கிறாள்.

"அப்ப கடைசிக்குப் போ!"

போனாள். கடைசியில் நின்றாள், அவளுக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் போகவில்லை. முறை வந்ததும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் நசுங்கின குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மிணி, இன்னைக்கு ஒருத்தி என்னையத் திட்டிப்போட்டா!" என்றாள். பரிசு வாங்கினவள் மாதிரி சொன்னாள். அப்பா எழுந்து, "யாரு அது, நான் போய்க் கேக்கறேன்" என்று துண்டை உதறினார். அம்மா கதவை மறித்து நின்றுகொண்டாள். "நீங்க போய்க் கேட்டீங்கன்னா நான் மறுக்காத் தொரசாணி ஆயிருவனுங்க. பேசாம உக்காருங்க." அப்பா உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு அவளே ராசம்மா சின்னம்மா வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பல் வந்தது, மறுவாரம் இங்கிருந்து ஒரு ஜாக்கெட் போனது. அதற்குப் பிறகு குழாயடியில் அம்மா சண்டை போட்டாள், திட்டு வாங்கினாள், உப்பு கொடுத்தாள், வாங்கினாள். சானக்கா ஆனாள். நசுங்கின குடத்தைத் தட்டி எடுக்க அவள் விடவே இல்லை. நீ மூலையில் வைத்துக் குடை சொருகியிருக்கிறாயே, அதுதான் அந்தக் குடம்.

இப்போது உன் விருந்தாளிகளுக்கு வருகிறேன். பலகையை மாட்டிவிட்டுப் போன மறுநாளே சோதனைக்கு என்று ஒரு ஜோடியை அனுப்பினாய். நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நெய் ஊற்றிப் போட்டேன், சாப்பிட்டார்கள். "தொரசாணி படுத்திருந்த ரூம் எதுங்க?" என்று கேட்டார்கள். காட்டினேன். பிறகு அந்தப் பெண் என்னிடம், "நீங்க எத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறீங்க?" என்றாள். எனக்குப் புரியச் சற்று நேரமானது. "பொறந்ததுல இருந்தே" என்றேன். ஐயோ பாவம் என்று முகம் சுருங்கியது அவளுக்கு. கிளம்பும்போது என் கையில் ஒரு நோட்டை மடித்து வைத்தாள். நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்று கேட்டேன், ஒளிக்காமல் சொன்னாள். "அங்க ஒரு அம்மா இருப்பாங்க, எல்லாம் பாத்துக்குவாங்கன்னு சொன்னாருங்க."

ஒரு அம்மா. நீ வேண்டுமென்று சொல்லவில்லை என்பாய், வாயில் அப்படி வந்துவிட்டது என்பாய். சரி, வாய் தப்பியது. உன் பக்கத்தில் கை எப்படித் தப்பியது? அம்மிச்சியின் படம் இருக்கிறது, உன் படம் இருக்கிறது, வீடு, தேயிலைச் சரிவு, பக்கத்து வீட்டு நாய் கூட இருக்கிறது. அவளுக்கும் உனக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அடையாளமே இல்லை. அவள் உன்னை நேராகப் பெற்றுப் போட்டது போல் இருக்கிறது. அவள் கண் உனக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நான் அப்பா நிறம், கறுப்பு. என்னை வைத்தால் கதை எடுபடாது, அதுதானே? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்தவர்களை நான் மன்னித்துவிட்டேன், அவர்கள் அந்நியர்கள். தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில், "ஏனுங்க சானகி, புள்ளைக்கு உங்க நெறம் வரலீங்களே" என்று ஒருத்தி துக்கம் விசாரித்தபோது, அம்மா பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவங்கப்பா நெறந்தானுங்க நான் கேட்டேன். கேட்டது கெடைச்சுது, உங்களுக்கு என்னுங்க கஷ்டம்?" அவளைத்தான் நீ வெள்ளையாக விற்கப் போகிறாய்.

இதையும் முழுங்கியிருப்பேன். நிஜமாகவே முழுங்கிவிட்டுத்தான் இருந்தேன். அந்த நோட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, பிள்ளை பிழைக்க வேண்டுமே, கடன் வாங்கியிருக்கிறான், பெங்களூர் வேலையையும் விட்டுவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை ராசம்மா சின்னம்மா டீக்கு வருகிற நாள். அம்மா இருந்தபோது இருந்த வழக்கம், அம்மா போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. கண் மங்கிவிட்டது, நினைப்பும் முன்னே பின்னே போய்விட்டு வருகிறது. பேத்தி செல்வி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். நடை மட்டும் பழைய நடைதான். கேட்டைக் காலால் தள்ளி, செருப்புக் காலோடு பின்பக்கம் அடுப்படி வரைக்கும் வந்து, "என்னாடி, தண்ணி கொதிச்சிருச்சா?" என்று அதட்டிவிட்டுத்தான் உட்காருவாள். அன்றைக்கு அதட்டல் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"என்னமோ பளபளன்னு தெரியுது. என்னா எழுதியிருக்கு?" என்று செல்வியைக் கேட்டாள். அந்தப் பெண் பாவம், படித்துச் சொல்லிவிட்டாள்.

ராசம்மா சின்னம்மா செல்வியின் கையை விட்டாள். பிறகு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டுக் குனிந்து, செருப்பைக் கழற்றினாள். ஒன்று, பிறகு இன்னொன்று. ஜோடியாக ஓரத்தில் தள்ளி வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நான் ஓடினேன். "சின்னம்மா, என்னுங்க இது, உள்ள வாங்க!" என்றேன். குத்திக் காட்டுவதற்காகச் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் முகத்தில் கேலி இல்லை. என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். என்னிடம், அவள் மடியில் வளர்ந்த என்னிடம், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தொரசாணி உள்ள இருக்காகளா? அப்ப நாங்க பொறவு வாறோம்மா."

திரும்பி நடந்துவிட்டாள். வெறுங்காலோடு. செல்வி அழுதுகொண்டே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். என் அம்மாவைத் தொரசாணி இல்லாமல் ஆக்கின ஒரே மனுஷி அவள். அவளையே நீ கேட்டில் செருப்பைக் கழற்ற வைத்துவிட்டாய். இதற்கு என்ன சமாதானம் வைத்திருக்கிறாய், சொல்லு பார்க்கலாம்.

பலகையை அன்றைக்கே கழற்றிவிட்டேன். கொடுவாளால் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். தேக்கு நன்றாக எரிந்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். பித்தளை எழுத்துகளைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், பாத்திரக்காரன் வந்தால் ஒரு சொம்பாவது கொடுப்பான். என்ன செலவு ஆனது தெரியுமா என்று கேட்காதே. வீடு என் பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்த வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விடாதே.

ஹோம்ஸ்டேயை நடத்து. சீசனுக்கு முன்னால் திற. நான் குறுக்கே நிற்கவில்லை, சமைத்தும் போடுகிறேன். கேட்டில் ஜானகி என்று போடு. அது ரேஷன் கார்டில் இருக்கிற பெயர், யாரும் பொய் என்று சொல்ல முடியாது. உன் பக்கத்தில் ரொட்டியை அழித்துவிட்டு ஜாக்கெட்டை எழுது. கேட்க வருகிறவன் கேட்பான், வராதவன் ஊட்டிக்குப் போய் நிஜப் பங்களா பார்த்துக்கொள்ளட்டும். என் படம் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். என்னைக் கெஞ்ச வைக்காதே.

ஆனால் அதெல்லாம் பிறகு. நேற்று நான் போய்க் கூப்பிட்டேன், ராசம்மா சின்னம்மா வரமாட்டேன் என்கிறாள். பங்களாவுக்கெல்லாம் கூப்பிடாமல் போகக் கூடாது, தொரசாணி வைவாக என்று செல்வியிடம் சொல்கிறாளாம். இதை நான் கழுவ முடியாது. மாட்டியவன் நீ. பஸ்ஸை விட்டு இறங்கினதும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வராதே. லைனுக்குப் போ. ராசம்மிச்சி என்று கூப்பிடு. உன் குரல் அவளுக்கு இன்னும் தெரியும் என்று நம்புகிறேன். திட்டினால் வாங்கிக்கொள். உள்ளே வாடா என்று அவள் சொல்கிற வரைக்கும் வெளியிலேயே நில். செருப்பைக் கழற்றிவிட்டு நில்.

இப்படிக்கு,
அங்கே இருக்கும் ஒரு அம்மா